முகத்தில் ஒட்டிய பெருக்கல் குறி

பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பெருக்கல் குறி ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் உதடு சிரிக்கிறதா சுளிக்கிறதா என்று தெரியவில்லை. இஷிதா ஷோயா என்ற மாணவன் ஒருவனின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற குறி அது. யமதா நவோகோ இயக்கி, கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் தயாரித்து 2016-ல் வெளியான ‘கோஎ நோ கதாச்சி’ என்ற ஜப்பானிய அனிமே படத்தில் வரும் காட்சி இது. அடுத்தவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாதவனின் மனத்தைச் சொல்ல இந்தப் படத்துக்கு இரண்டு கோடுகள் போதுமாக இருக்கின்றன. ‘பொம்மைப் படம்’ என்று நாம் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்ட கலைவடிவம், ஜப்பானில் மனத்துயரை இவ்வளவு கூர்மையாகப் பேசுவது எப்படி? கோடுகளால் ஆன உலகில் மனம் பார்ப்பதையே காட்சியாக வரைந்துவிடலாம் என்பது அதன் பாதி விடை. அப்படி வரையும்போது, ஒருவனுக்குள் இருப்பதாக நாம் நினைக்கும் நோய் உண்மையில் மனிதர்களுக்கு இடையில் கிடக்கிறது என்பது புலப்பட்டுவிடுகிறது. மீதிப் பாதி அதுதான்.

இஷிதாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் அவனோடு படிக்க வருகிறாள் காது கேளாத நிஷிமியா ஷோகோ. அவளைச் சீண்டுவது அவனுக்கு விளையாட்டு. அவளுடைய காது கேட்கும் கருவிகளைப் பிடுங்கி எறிகிறான், உடைக்கிறான். ஐந்தே மாதத்தில் எட்டுக் கருவிகள் பாழாகின்றன. பள்ளி விசாரிக்க வந்ததும் ஆசிரியர் அவனைக் கை காட்டுகிறார். கூட இருந்து சிரித்தவர்களும் அவன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்குகிறார்கள். நேற்று வரை கொடுமை செய்தவன் அன்றே கொடுமைக்கு ஆளாகிறான். ஜப்பானில் ‘இஜிமே’ எனப்படும் இந்தப் பள்ளிக் கொடுமையைச் சமூகவியலாளர் மொரிதா யோஜி நான்கு அடுக்குகளாகப் பிரித்தார்: கொடுமைக்கு ஆளாகிறவர், செய்கிறவர், சிரித்து ஊக்குவிக்கும் கூட்டம், பார்த்தும் பாராமல் இருப்பவர்கள். கொடுமையின் அளவைத் தீர்மானிப்பதில் கடைசி இரண்டு அடுக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர் முடிவு. 2011-ல் ஓட்சு நகரில் 13 வயது மாணவன் ஒருவன் கொடுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டான். நாடே உலுக்கப்பட்டு, 2013-ல் பள்ளிக் கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இந்தப் படத்துக்கு மூலமான ஓஇமா யோஷிதோகியின் மங்காவும் (சித்திரக்கதை) அதே ஆண்டில்தான் தொடராக வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர் உட்பட ஒரு வகுப்பறை முழுதும் குற்றத்தில் பங்காளி என்பதை அறிந்த சமூகத்தின் கதை இது. ஆகவே அந்தக் குறிகளை இஷிதாவின் கூச்ச சுபாவம் என்று தள்ளிவிட முடியாது. அவை அந்த வகுப்பறை அவன் கண்ணில் ஒட்டி அனுப்பியவை.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் முகத்தைப் பார்த்து மனத்தை ஊகிக்க வேண்டியவர்கள் நாம். வரைந்த படத்திலோ எதுவும் தற்செயலாக வந்து விழுவதில்லை. வானத்து மேகம்கூட யாரோ ஒருவர் வேண்டுமென்று வைத்ததுதான். அகப்பாடல்களில் மலையும் மாலையும் தலைவியின் நெஞ்சைச் சொல்வதுபோல, இங்கே மின்கம்பமும் காலி அறையும் பாத்திரத்தின் மனமாகிவிடுகின்றன. இந்தக் கலை வளர்ந்ததில் வறுமைக்கும் பங்குண்டு. 1963-ல் தெசுகா ஒசாமு ‘ஆஸ்ட்ரோ பாய்’ கதையை வாரம் அரை மணி நேரத் தொலைக்காட்சித் தொடராகக் கொண்டுவந்தபோது, கையில் பணமும் இல்லை, நேரமும் இல்லை. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடினாலும், ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி எட்டு ஓவியங்களில் ஒப்பேற்றினார்கள். உடல் அசையாமல் வாய் மட்டும் அசைந்தது. அசையாத படத்தின் மேல் குரல் மட்டும் ஓடியது. சிக்கனத்துக்காகப் பிறந்த இந்த அசைவின்மை, அடுத்த தலைமுறையின் கையில் மௌனத்தைக் காட்டும் கருவியாயிற்று.

அதை உச்சத்துக்குக் கொண்டுபோனது அன்னோ ஹிதேயாகியின் ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’. 1995 அக்டோபரில் தொடங்கி 26 வாரங்கள் ஓடிய தொடர் அது. அதில் ஒரு காட்சி: லிஃப்டுக்குள் இரண்டு சிறுமிகள் நிற்கிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் படத்தில் அசைவே இல்லை எனலாம். ஒருத்திக்கு மற்றவள் மேல் இருக்கும் வெறுப்பு அந்த நிமிடம் முழுதும் நம் மேல் கனக்கிறது. கதையின் வெளித்தோற்றம், இராட்சத இயந்திரங்கள் உலகைக் காக்கப் போரிடுவது. உள்ளே இருப்பதோ, கைவிட்டுப்போன அப்பா கூப்பிட்டனுப்பியதால் வந்து நிற்கும் 14 வயது ஷின்ஜி. அவன் கேசட் பிளேயரில் அதே இரண்டு பாட்டுகள் திரும்பத் திரும்ப ஓடுகின்றன. தொடருக்கு முன் நான்கு ஆண்டுகள் எதுவுமே செய்ய முடியாமல் தவித்ததாக அன்னோ வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அவர் மட்டுமா தவித்தார்? பொருளாதாரக் குமிழி உடைந்து, வாழ்நாள் வேலை என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்த காலம் அது. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மார்ச்சில் தோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ அமைப்பு சரின் நச்சுவாயுவைப் பரப்பியது. பெரியவர்கள் கட்டிய உலகம் பிள்ளைகளைக் காக்குமா என்ற ஐயம் ஊர் முழுக்க இருந்தபோது, பெரியவர்கள் செய்ய வேண்டிய போரைப் பிள்ளைகள் தலையில் கட்டும் கதை வந்தது. அது பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

அதே ஐயத்தின் மறுமுகம், அறைக் கதவைச் சாத்திக்கொண்ட இளைஞர்கள். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வெளியே வராத இவர்களை ‘ஹிக்கிகோமோரி’ என்கிறார்கள். 1998-ல் இதைப் பற்றி நூல் எழுதிப் பரவலாக அறியச் செய்த மனநல மருத்துவர் சைதோ தமாகி, தனிமனிதன், குடும்பம், சமூகம் என மூன்று வட்டங்களை வரைந்தார். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய வட்டங்கள் தொடர்பற்றுப் போவதே பிரச்சினை என்றார். தகிமோதோ தத்சுஹிகோவின் நாவலைத் தழுவி 2006-ல் வந்த ‘என்.எச்.கே-வுக்கு வருக’ என்ற தொடரின் நாயகன் சாதோ, கல்லூரியை விட்டுவிட்டு அறைக்குள் முடங்கிய 22 வயது இளைஞன். தன்னை முடக்கியது ஒரு இரகசியச் சதி என்று நம்புகிறான். வீட்டுச் சாமான்கள் அவனோடு பேசுகின்றன. சிரிப்பாக இருக்கிறது, சிரித்தபின் வயிற்றைப் பிசைகிறது. சாதோவை இறுதியில் வெளியே தள்ளுவது அறிவுரை எதுவுமில்லை, பசி. வீட்டிலிருந்து வந்த பணம் நின்றுபோகிறது, வேலைக்குப் போகிறான். ஆனால் எல்லோருக்கும் பணம் நின்றுவிடுவதில்லை. 2022-ல் நடத்திய ஆய்வை வைத்து, 15 முதல் 64 வயதுக்குட்பட்டோரில் இப்படி ஒதுங்கி வாழ்பவர்கள் ஏறக்குறைய 14.6 லட்சம் பேர் என்று ஜப்பான் அரசு மதிப்பிட்டது. எண்பது வயதுப் பெற்றோர் ஐம்பது வயதுப் பிள்ளையைச் சுமக்கும் நிலைக்கு ‘8050 பிரச்சினை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அறையில் அடைந்து கிடப்பவனுக்குத் துணையே இந்த அனிமேதானே, நோயைக் கொடுத்துவிட்டு மருந்தையும் விற்கிறதா என்று கேட்கலாம். இந்தக் குற்றச்சாட்டு ஜப்பானில் பழையது. 1989-ல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் கைதாகி, அவன் அறையில் வீடியோ கேசட்டுகள் குவிந்து கிடந்ததை ஊடகங்கள் காட்டியதும், அனிமே ரசிகர்கள் எல்லோருமே ஆபத்தானவர்கள் என்ற பேச்சு பரவியது. கேசட்டைக் குற்றவாளியாக்கினால் குடும்பமும் பள்ளியும் வேலைச்சந்தையும் தப்பித்துவிடும். இருந்தாலும் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. பெரும்பாலான அனிமே வெறும் பொழுதுபோக்கு. மனமுடைந்த சிறுமியாக ‘எவாஞ்சலியன்’ படைத்த ரேயைப் பொம்மையாக்கி விற்றுக் காசு பார்த்த சந்தையும் இதே சந்தைதான். ஆனால் நல்ல படைப்புகள் இதை மறைக்கவில்லை. ‘என்.எச்.கே’ தன் ரசிகனின் தப்பித்தலையே கேலிப்பொருளாக்கியது. ‘எவாஞ்சலியன்’ தொடரோ, கடைசி இரண்டு பகுதிகளில் போரைக் கைவிட்டு, பென்சில் கோடுகளும் அசையாப் படங்களுமாக ஷின்ஜியின் மனத்துக்குள் போய் உட்கார்ந்தது. பார்வையாளர்கள் கொதித்தார்கள்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ‘கோஎ நோ கதாச்சி’ கொடுமை செய்தவனின் மனத்தை வரைகிறது, கொடுமைக்கு ஆளான நிஷிமியாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும் அவளை, ஒருவன் திருந்துவதற்கான கருவியாகக் கதை பயன்படுத்திக்கொள்கிறது என்பார்கள். இதை முழுதாக மறுக்க முடியாது. ஆனாலும் படம் அவன் பார்வையைச் சரியான பார்வையாகக் காட்டவில்லை. பெருக்கல் குறி அவனுடைய பிழை. அது மறைப்பது அடுத்தவர் முகங்களை. நிஷிமியா உயிரை விடத் துணியும் இரவில், அவளையும் தான் சரியாகப் பார்க்கவில்லை என்பது அவனுக்கு உறைக்கிறது. அவனோடு சேர்ந்து பார்த்த நாமும் அதே பிழையில் பிடிபடுகிறோம். இது சிகிச்சை ஆகிவிடாது. மருத்துவரிடம் போக வேண்டியவர் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன செய்கிறது என்று புரியவைப்பதே ஒரு கதையால் முடியும் வேலை.

நோய் மனிதர்களுக்கு இடையில் கிடக்கிறது என்ற வாதத்துக்கு வலுவான சான்று அன்னோவிடமிருந்தே வந்தது. 1996-ல் ஷின்ஜிக்கு அவர் கொடுத்த விடை, தன்னைத் தானே ஏற்றுக்கொள் என்பது. முழு விசாரணையும் தலைக்குள்ளேயே நடந்தது. 2012-ல் வந்த எவாஞ்சலியன் படத்துக்குப் பிறகு அன்னோ மறுபடி மனச்சோர்வில் விழுந்தார், அதையும் பொதுவெளியில் எழுதினார். 2021-ல் வெளியான கடைசி எவாஞ்சலியன் படத்தில் ஷின்ஜி பேச்சிழந்து கிடக்கிறான். இம்முறை அவனைச் சுற்றி ஒரு கிராமம் இருக்கிறது. பழைய பள்ளித் தோழர்கள் தங்க இடம் தருகிறார்கள், எதுவும் கேட்காமல் விட்டுவைக்கிறார்கள். பக்கத்தில் பெண்கள் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறார்கள். ஒருநாள் அவனே அழுதுகொண்டு சாப்பிடுகிறான். கால் நூற்றாண்டு கழித்து, நோய்க்கு விடை தேடித் தலையிலிருந்து ஊருக்குள் இறங்கி வந்திருக்கிறார் அன்னோ. இஷிதாவின் கண்ணிலும் அந்தக் குறிகள் தாமாக உதிர்வதில்லை. ஒருவன் நண்பனாகி நெருங்கி வரும்போது முதல் குறி கழன்று விழுகிறது. கடைசிக் காட்சியில், பள்ளி விழாக் கூட்டத்துக்கு நடுவே அவன் காதைப் பொத்திய கைகளை எடுக்கிறான். எல்லாக் குறிகளும் ஒரே சமயத்தில் உதிர்கின்றன. அதுவரை அவனுக்குக் கேட்காமல் இருந்தது, அவனைச் சுற்றி அன்றாடம் நடந்துகொண்டிருந்த சாதாரணப் பேச்சுதான்.