சொல்லும் ஓர் அளவீடே

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகள். கார், கைப்பேசி, டயர், கண்ணாடி என்று பலவும் இங்கே உருவாகின்றன. இவற்றுள் எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் ஒன்றைக் காணலாம். அங்கே அளக்காமல் எதுவும் நடப்பதில்லை. உலையின் வெப்பம், குழாயின் அழுத்தம், திருகின் இறுக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்கருவி உண்டு. அது காட்டும் அளவைப் பார்த்துத்தான் இயந்திரம் அடுத்த வேலையைச் செய்கிறது.

இந்த ஆலைகளில் பணிபுரிவோரின் மனத்தில் நோய் வந்தால், அதை அளக்கும் கருவி எது? சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ காட்டித் தரும் அத்தகைய பரிசோதனை இல்லை. நோயாளி சொல்வது, உடனிருப்போர் சொல்வது, மருத்துவர் நேரில் காண்பது ஆகிய மூன்றுமே அங்கு அளவீடுகள். அவற்றுள் முதலாவதைப் பற்றித்தான் நோயாளிகள் பலர் குறைப்படுகின்றனர். "நான் சொல்வதை டாக்டர் காதில் வாங்கிக்கொள்வதே இல்லை" என்கிறார்கள். இது வெறும் மனத்தாங்கல்தானா? அல்லது சிகிச்சையையே பாதிக்கும் குறையா? சற்று ஆராய்வோம்.

உட்கார முடியாத கால்கள்

வேற்று மாநிலத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கி, ஷிப்டு முறையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். யாரோ தம்மைப் பற்றிப் பேசுவது போன்ற குரல்கள் அவருக்குக் கேட்கின்றன. மருத்துவர் ஹாலோபெரிடால் என்னும் மருந்தைத் தருகிறார். சில நாட்களில் குரல்கள் தணிகின்றன. ஆனால் புதிய தொல்லை ஒன்று தொடங்குகிறது. அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றால் கால் மாற்றி நிற்கிறார். படுத்தால் எழுந்து நடக்கிறார். "உள்ளே ஏதோ துரத்துகிறது" என்கிறார். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் இச்சொற்கள் "படபடப்பு அதிகம்" என்று சீட்டில் பதிவாகின்றன. நோய் முற்றுகிறது எனக் கருதி மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. படபடப்பு இன்னும் அதிகமாகிறது.

இளைஞர் கற்பனை, தொல்லை உண்மை. அதற்கு அகத்திசியா என்று பெயர். 'உட்கார இயலாமை' என்பது இந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். செக் நாட்டு மருத்துவர் ஹாஸ்கோவெக் 1901-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்தார். 1952-இல் பாரிஸ் நகரில் டிலே, டெனிக்கர் ஆகிய இருவரும் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்திக் காட்டினர். அதன்பின் அம்மருந்தும் அதன் இனத்தவையும் உலகெங்கும் பரவின. இவை மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. குரல்கள் தணிவது இதனால்தான். ஆனால் உடலின் அசைவுகளை ஒழுங்குசெய்யும் பகுதிகளிலும் டோபமைன் வேலை செய்கிறது. அங்கேயும் தடை விழுவதால் நடுக்கம், விறைப்பு, அமைதியின்மை போன்ற பக்கவிளைவுகள் சிலருக்குத் தோன்றுகின்றன.

மனச்சிதைவு நோயாளிகள் ஏன் மருந்தை மறுக்கிறார்கள் என்ற வினாவை அமெரிக்க மருத்துவர் வான் புட்டன் 1974-இல் ஆராய்ந்தார். மறுப்புக்கும் இத்தகைய பக்கவிளைவுகளுக்கும், குறிப்பாக அகத்திசியாவுக்கும், நெருங்கிய தொடர்பு இருப்பதை அவர் கண்டார். நோயாளி பிடிவாதத்தால் மறுக்கிறார் என்று பிறர் எண்ணிய இடங்களில் காரணம் மருந்திலேயே இருந்தது. வேதனை தாங்காமல் தற்கொலை எண்ணம் வரை செல்வோரும் உண்டு. ஆகவே இதைக் கண்டுபிடிப்பது உயிர்காக்கும் செயல். கண்டுபிடித்துவிட்டால் வழிகள் இருக்கின்றன. மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம்; வேறு மருந்துக்கு மாற்றலாம்; புரோப்ரனலால் போன்ற மருந்தைச் சேர்க்கலாம்.

எவ்வாறு கண்டுபிடிப்பது? 1989-இல் பார்ன்ஸ் என்ற மருத்துவர் அமைத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. அதில் மருத்துவர் கண்ணால் காணும் அசைவுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. நோயாளி உள்ளே உணரும் தவிப்புக்கும், அது தரும் துன்பத்துக்கும் தனித்தனி மதிப்பெண்கள் உண்டு. பின்னைய இரண்டையும் கேட்டுத்தான் அறிய முடியும்.

தலைகீழாக இணைத்த கம்பி

இதையே இயற்பியலின் மொழியில் சொல்லிப் பார்ப்போம். வண்ணம் பூசிய கார் உடல்களை உலர்த்தும் சூளையில் வெப்பத்தை அளக்க வெப்ப மின்னிரட்டை என்னும் கருவி இருக்கிறது. வெப்பம் மிகுந்தால் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். இதனை எதிர்ப் பின்னூட்டம் என்கிறோம். சூளை ஒரே வெப்பநிலையில் நிற்பது இதனால்தான்.

மின்னிரட்டையின் இரு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்துவிட்டால் என்ன ஆகும்? சூளை சூடேற ஏற, அளவியில் எண் குறைந்துகொண்டே போகும். "வெப்பம் போதவில்லை" என்று கருதி, கட்டுப்பாட்டுக் கருவி மேலும் மேலும் மின்சாரத்தைச் செலுத்தும். கருவிகள் யாவும் நல்ல நிலையில் இருக்க, சூளை மட்டும் எரிந்து பாழாகும். திருத்த வேண்டிய பின்னூட்டம், தவற்றையே வளர்க்கும் நேர்ப் பின்னூட்டமாக மாறிவிட்டது.

மருந்தின் விளைவை நோயின் விளைவு என்று படிப்பதும் இவ்வாறு கம்பியைத் தலைகீழாக இணைப்பதே. மருத்துவர் திறமையானவராக இருக்கலாம். மருந்தும் நல்ல மருந்தாக இருக்கலாம். நோயாளியின் சொல் தவறான பக்கத்தில் சேர்க்கப்பட்டால், சிகிச்சை தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடியாது.

வியர்வையும் லித்தியமும்

இரத்தத்தில் அளக்கக்கூடிய மருந்து என்றால் இந்தத் தொல்லை இல்லையே என்று வாசகர்கள் கேட்கலாம். லித்தியம் அத்தகைய மருந்து. களிப்பும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு அது பயன்படுவதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டார். நீடித்த சிகிச்சையில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இரத்தத்தில் இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நச்சுக்குறிகள் தோன்றலாம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது.

லித்தியமும் சோடியமும் வேதியியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உடலில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தை இழக்காமல் பிடித்து வைக்க முயலும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். வார்ப்பு உலை அருகே நாள் முழுதும் வியர்வை சிந்தி, போதிய நீர் அருந்தாமல் வேலை செய்பவருக்கு அளவு ஏறக்கூடும். முதுகுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளாலும் ஏறக்கூடும். சென்ற மாதத்து இரத்தப் பரிசோதனை இதைக் காட்டாது. "கை நடுங்குகிறது, வயிற்றுப்போக்கு இருக்கிறது, நடை தள்ளாடுகிறது" என்று நோயாளி சொல்வதே முதல் எச்சரிக்கை. எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்கும் மருத்துவருக்கு அந்த எச்சரிக்கை உடனே விளங்கும்.

சுழிப்பிழை உள்ள கருவி

"மனநோயாளியின் சொல்லை எப்படி நம்புவது?" என்று சிலர் கேட்கின்றனர். பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்ட மாணவர்களுக்கு விடை தெரியும். கருவியில் சுழிப்பிழை இருந்தால் அதைத் தூக்கி எறிகிறோமா? பிழை எவ்வளவு என்று பார்த்து, திருத்தம் செய்து, தொடர்ந்து அளக்கிறோம். அண்டை வீட்டார் சதி செய்கிறார்கள் என்று நம்பும் ஒருவருக்கு அந்த ஒன்றில் மட்டும் பிழை இருக்கலாம். நாக்கு வறள்கிறது, நெஞ்சு வலிக்கிறது, இரவு மாத்திரையின் மயக்கம் காலை ஷிப்டு வரை தெளியவில்லை என்று அவரே சொல்லும்போது அது முற்றிலும் சரியாக இருக்கலாம். உடல் நோயையும் "எல்லாம் மனக்கோளாறு" என்று தள்ளிவிடுவதால் இதயநோய் போன்றவை தாமதமாகக் கண்டறியப்படுவது உலகெங்கும் அறியப்பட்ட ஆபத்து.

நேரம் எங்கே?

மருத்துவரை மட்டும் குறை கூறுவது முறையன்று. இந்தியாவில் லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, பொது மருத்துவர் ஒரு நோயாளிக்கு அளிக்கும் நேரம் சுவீடனில் ஏறத்தாழ 22 நிமிடம். இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம்.

ஆயினும் நேரம் மட்டுமே காரணமா? 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் இருவரும் 74 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்தனர். தம் குறையை முழுதும் சொல்லி முடித்த நோயாளிகள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. மருத்துவர் குறுக்கிட்ட நேரம் சராசரியாக 18-வது விநாடி. பிரிட்டனில் ரோஸ்மேரி மெக்கேப் குழுவினர் மனநல மருத்துவர்களின் உரையாடல்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். தமக்கு நேரும் அனுபவங்களைப் பற்றிப் பேச நோயாளிகள் முயன்றபோது மருத்துவர்கள் தயங்கியதையும், கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தந்ததையும் அதில் காணலாம். கேட்பதும் ஒரு திறன். அதற்கும் பயிற்சி வேண்டும்.

சட்டம் தரும் உரிமை

சொல் மதிக்கப்படாத நிலையின் கடைக்கோடியைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர்.

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. நோயின் தன்மை, சிகிச்சை, அறியப்பட்ட பக்கவிளைவுகள் ஆகியவற்றைத் தமக்குப் புரியும் மொழியில் அறியும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவான நிலையில் முன்னதாகவே எழுதி வைக்கலாம். சிகிச்சையில் குறை இருந்தால் முறையிடலாம். ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் தொழிலாளர் நிறைந்த இப்பகுதியில் 'புரியும் மொழி' என்பது பெரிய செய்தி. மொழிபெயர்க்க மேற்பார்வையாளரை அழைத்துச் சென்றால், வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் நோயாளி பாதியை மறைப்பார். நம்பிக்கையான அறைத்தோழர் மேல்.

நோயாளியும் அளவீட்டைக் கூர்மையாக்கலாம். ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: எந்த நாளில் எந்த மருந்து தொடங்கியது அல்லது கூட்டப்பட்டது, எந்த நாளில் எந்தத் தொல்லை வந்தது, வேலை நேரமும் உறக்கமும் எப்படி இருந்தன. மருந்துக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்ற வரிசை தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். இரண்டு நிமிடத்தில் அந்தத் தாளைப் படித்துவிடலாம். உடன் செல்வோர் நோயாளியை முதலில் பேச விட வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது; நோய் திரும்பலாம். இடையில் ஆலோசனை வேண்டுமானால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பிற மொழிகளிலும் அழைக்கலாம்.

சூளையின் வெப்பத்தை அளக்க நூறு கருவிகள் வைத்திருக்கிறோம். சூளையருகே நிற்பவரின் மனத்தை அறிய இருப்பவற்றுள் முதன்மையானது அவருடைய சொல். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதே சிகிச்சையின் முதற்படி.