சாக்குத்துணி, பழைய டி-ஷர்ட், ஒரு கொக்கி: வீட்டில் ஒரு நாளை இழுத்துப் பிடிக்கும் ‘ரக் ஹூக்கிங்’

இன்ஸ்டாகிராமில் துப்பாக்கி மாதிரி ஒரு மெஷினை வைத்து ‘டர்ர்ர்’னு கார்ப்பெட் போடுகிற ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. அது டஃப்டிங். நாம பேசப்போறது அதோட சத்தமில்லாத பாட்டியைப் பற்றி. பெயர் ரக் ஹூக்கிங். மெஷின் வேண்டாம், பசை வேண்டாம், முடிச்சுகூட வேண்டாம்.

வேலை இவ்வளவுதான். இடைவெளிவிட்டு நெய்த சாக்குத்துணியை ஒரு பிரேமில் விறைப்பாக மாட்டணும். பழைய துணியை கால் அங்குல அகல நாடாவாக வெட்டணும். நாடாவை இடது கையில் சாக்குக்கு அடியில் பிடிச்சுக்கணும். வலது கையில் இருக்கும் கொக்கியை மேலிருந்து ஓட்டைக்குள் விட்டு, நாடாவை ஒரு சின்ன வளையமாக மேலே இழுக்கணும். பிறகு அடுத்த ஓட்டை.

முடிச்சே இல்லாம எப்படி நிக்குது? பக்கத்துப் பக்கத்தில் நெருங்கி நிற்கிற வளையங்களும் நெய்த நூல்களும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிச்சுக்குது. பஸ் கூட்டத்தில் கம்பியைப் பிடிக்காமலேயே விழாம நிற்போமே, அதே லாஜிக்! அதுக்காக ஒவ்வொரு ஓட்டையையும் நிரப்பினா விரிப்பு சுருண்டுக்கும். தப்பாகிட்டா நாடாவை உருவிட்டு மறுபடி போடலாம். லீவு நாளுக்கு இது ஏற்ற வேலையா இருக்க அதுவும் ஒரு காரணம்.

பனி, பசி, பட்டுக் காலுறை

வட அமெரிக்காவில் மெய்ன் மாகாணம், கனடாவின் கிழக்குக் கடற்கரை, இந்தப் பக்கமெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் இது ஏழை வீட்டு வேலை. கடையில் கம்பளம் வாங்க வசதியில்லாதவங்க, கிழிந்த உடுப்பை வைத்து மூட்டைச் சாக்கில் மிதியடி போட்டாங்க. அந்தச் சாக்கின் சணல் விளைந்தது நம்ம வங்காளத்தில். ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளும், 1855-க்குப் பிறகு கொல்கத்தா பக்கத்து ஆலைகளும் அதை நெய்தன. அந்தச் சாக்கு மலிவாகக் கிடைத்ததால்தான் இந்தக் கலை இவ்வளவு பரவியது.

இதில் மறக்க முடியாத அத்தியாயம் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் மீனவ கிராமங்கள். 1892-இல் அங்கே போன ஆங்கிலேய டாக்டர் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல், நோயோடு வறுமையையும் பார்த்தார். 1906-இல் அங்கே வந்த ஜெஸ்ஸி லூதர், கைவேலையைச் சிகிச்சையாகப் பார்த்தவர். கைத்தொழில் பிரிவை அவர்தான் கட்டியெழுப்பினார். பெண்களுக்கு ஏற்கெனவே கைவந்த மிதியடி வேலை அதில் வருமான வழியானது.

பிறகு அமெரிக்கப் பெண்களிடம் பழைய பட்டுக் காலுறைகளைக் கேட்டாங்க. காலுறையில் நூல் பிரிந்து கோடு விழுவதை ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பாங்க. அப்படி ‘ஓடுகிற’ காலுறையை லாப்ரடாருக்கே ஓடவிடுங்கன்னு விளம்பரம். (இன்னைக்கும் நல்ல மீம் ஆகியிருக்கும்.) வந்த காலுறைகளுக்குச் சாயம் போட்டு, மெல்லிய நாடாவாக்கி, பனிக்கரடி, நாய் வண்டி, பனிமலை என்று அவ்வளவு நுணுக்கமாக இழுத்தாங்க. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஓவியம்னே தோணும்.

அவை இன்று அருங்காட்சியகத்திலும் ஏலத்திலும் இருக்கு. பின்பக்க லேபிளில் பெரும்பாலும் கிரென்ஃபெல் பெயர்தான் இருக்கும். இழுத்த பெண்ணோட பெயர் இருக்காது. நாம ‘கோஸி’ன்னு ஹேஷ்டேக் போடுற வேலை அவங்களுக்கு வருமானம் என்பதால் இது உறுத்தத்தான் செய்யுது.

ஆரம்பிக்கணுமா?

முதல் நாளே பெரிய கம்பளத்தில் கை வைக்காதீங்க. டீ கப் வைக்கும் ஆறு அங்குலச் சதுரம் போதும். முடிக்கும் பரப்பைப் போல சுமார் நாலு மடங்கு துணி தேவைப்படும். அதாவது ஓரடிச் சதுரத் துணி. ஒரு பழைய டி-ஷர்ட்டே தாராளம்.

சாக்கு மில்லில், அரிசி மண்டியில் கிடைக்கும் சணல் சாக்கு பழகிப் பார்க்க ஓகே. பிளாஸ்டிக் சாக்கு ஆகாது. ஆனா சணல் வருஷம் போகப்போக நொறுங்கும். பழைய விரிப்புகள் பலவற்றில் மேலே துணி நல்லா இருக்க, அடிச்சாக்கு உதிர்ந்திருக்கும். ரொம்ப நாள் வெச்சுக்கணும்னா லினனோ தடிமனான பருத்தித் துணியோ வாங்குங்க, ஓட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியணும். அசல் முறையில் கம்பளித் துணிதான். அது அழுக்கைக் காட்டாது, மிதித்தாலும் எழுந்துக்கும். பருத்தி அப்படியில்லை, அதனால் சுவரில் மாட்டிடுங்க.

எம்பிராய்டரி வளையமே பிரேமுக்குப் போதும். கொக்கிக்கு, தடிமனான குரோஷா ஊசி.