தை மாதத்து மழை

நெல்லுக்கு மழையின் அளவைவிட அது பெய்யும் காலமே முக்கியம். கொள்ளிடக் கரையோரக் குமராட்சி வட்டாரத்தில் சம்பா அறுவடை தை மாதத்தில் மும்முரமாகும். 2021-இல் வடகிழக்குப் பருவமழை விலகவே ஜனவரி 19 ஆகிவிட்டது. 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் காவிரி டெல்டாவில் பருவம் தவறிய மழை கொட்டியது. முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் சில நாட்களிலேயே மணி முளைவிடும். தப்பிய நெல்லிலும் ஈரம் கூடும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக ஏற்கும் ஈரப்பதமோ 17 சதவீதம்தான்.

"முன்கூட்டியே விதைக்கலாமே" என்று சிலர் கேட்கலாம். கடைமடைப் பகுதிக்குக் கீழணைத் தண்ணீர் வந்து சேரும் நாள் விவசாயியின் கையில் இல்லை. "நிவாரணம்தான் தருகிறார்களே" என்பதும் முழு விடையல்ல. 2023-இல் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிருக்கு எக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அது தேவையான உதவிதான். ஆனால் அறுத்த நெல்லைக் காயவைக்க இடமில்லாமல் தவிப்பவரின் சிக்கலை அது தீர்க்காது. ஈரப்பதத் தளர்வும் ஒவ்வொரு முறையும் டெல்லியிடம் கேட்டுப் பெற வேண்டியதாக இருக்கிறது. அதனால் கொள்முதல் நிலையங்களில் கூரையுள்ள களமும் நெல் உலர்த்தும் இயந்திரமும் தை பிறக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். மழையைத் தடுக்க முடியாது. விளைந்த நெல் வீணாவதைத் தடுக்க முடியும்.