சாய்த்து நிமிர்த்தும் வானொலிக் கோபுரம்: பலம் மண்ணுக்குள் இருக்கிறது



2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் போனதும் பல ஊர்களில் கைப்பேசிகளும் ஓய்ந்துபோயின. அப்படிப்பட்ட இரவில் பிரசவ வலி கண்ட ஒரு தாய்க்கு உதவி கேட்டு யாரை அழைப்பது, எப்படி அழைப்பது?

இதற்கு ஒரு வழி உண்டு. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, திருமதி பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழுவினர் ஏற்கெனவே போர்ட் பிளேரில் இருந்தார்கள். தொலைபேசிகள் செயலிழந்த நிலையில், உயிர் பிழைத்தோரைப் பற்றிய செய்திகளை அவர்களுடைய கருவிகள் வெளியுலகுக்குக் கொண்டுசென்றன. "ஹாம் ரேடியோ" எனப்படும் இக்கருவி கார் பேட்டரியிலேயே இயங்கும். மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர் இதை இயக்கலாம்.

ஆனால் கருவி மட்டும் போதாது. ஆன்டெனா உயரத்தில் இருக்க வேண்டும். அதைத் தாங்கும் கோபுரமும் புயலில் தப்பி நிற்க வேண்டும். இதற்குப் பொருத்தமானது, அடியில் கீல் வைத்துச் சாய்த்து நிமிர்த்தும் கோபுரம். யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. ஆன்டெனாவைத் தரையிலேயே பொருத்தலாம். புயல் எச்சரிக்கை வந்தால், காற்று எழும்புமுன் கோபுரத்தைப் படுக்கவைத்து, புயல் போனபின் மீண்டும் நிமிர்த்தலாம்.

மண்ணும் அஸ்திவாரமும்

திருச்சியிலிருந்து கொள்ளிடம் தாண்டினால் லால்குடி. அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாயும் நெல், வாழை வயல்கள் நிறைந்த பூமி. இத்தகைய களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், கோடையில் வெடிக்கும். பாறையின்மேல் வீடு கட்டினவனின் உவமையை நாம் அறிவோம். வயல்வெளியில் பாறைக்கு எங்கே போவது? அதை நாமே கான்கிரீட்டால் செய்துகொள்ள வேண்டும்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர் உள்ள கான்கிரீட் கட்டையின் எடை சுமார் 2,400 கிலோ. குழியின் அளவை மண்ணைப் பார்த்துப் பொறியாளர் ஒருவர் முடிவு செய்யட்டும். போல்ட்டுகளை இரும்புத் தகட்டில் கோத்து, ரசமட்டம் பார்த்து, அதன்பின் கான்கிரீட் போட வேண்டும். குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். 28 நாள் ஆனபின் கோபுரத்தை ஏற்றுவதே நல்லது.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் பலம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை சுமார் 17 கிலோ பாரத்துடன் தள்ளும். 120 கி.மீ. ஆனால் 68 கிலோ. இந்தியக் கட்டடத் தர விதிகள் திருச்சிக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகமோ வினாடிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 170 கி.மீ. அப்போது பாரம் 135 கிலோ.

ஆகவே 40 அடிக் கோபுரத்துக்கு நான்கு திசையிலும் ஸ்டே கம்பிகள் தேவை. ஒவ்வொன்றும் அடியிலிருந்து சுமார் 30 அடி தள்ளி, மண்ணுக்குள் குறுக்கே புதைத்த கான்கிரீட் கட்டையில் கட்டப்பட வேண்டும். தென்னைமரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறதே என்று அதில் கட்டாதீர்கள். புயலில் மரமும் ஆடும், சாயும்.

நிமிர்த்தும் வேளை

நீண்ட மூங்கில் ஏணியைத் தூக்கி நிறுத்தியவர்களுக்குத் தெரியும், தரையைவிட்டுக் கிளப்பும்போதுதான் பாரம் அதிகம். கோபுரமும் அப்படியே. 80 கிலோ எடையுள்ள 12 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் 10 கிலோ ஆன்டெனா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீலுக்கு மேல் 3 மீட்டர் துணைக்கம்பம் நிறுத்தி, 6 மீட்டர் தள்ளியுள்ள வின்ச்சால் இழுத்தால், கிளம்பும் கணத்தில் கம்பி வடத்தில் விழும் இழுவிசை சுமார் 225 கிலோ. மொத்த எடையே 90 கிலோதான்! எனவே வடமும் கொக்கியும் இதைப்போல் பல மடங்கு தாங்கக்கூடியவையாக இருக்க வேண்டும். டிராக்டரால் இழுப்பது ஆபத்து. அது வெட்டி இழுக்கும், வடம் எவ்வளவு இறுகுகிறது என்பதும் ஓட்டுநருக்குத் தெரியாது.

பக்கவாட்டு ஸ்டே கம்பிகளின் நங்கூரங்கள் கீலின் அச்சுக்கு நேர்கோட்டிலும் அதே மட்டத்திலும் அமைய வேண்டும். அப்போதுதான் கோபுரம் எழும்பும்போது அவை இறுகாமலும் தளராமலும் இருக்கும். செங்குத்தை நெருங்கியதும் பாரம் குறைந்துவிடும். அங்கேதான் கோபுரம் மறுபக்கம் விழும் அபாயம். பின்பக்க ஸ்டே கம்பியை முன்னரே அளந்து கட்டிவைத்தால் அது பிடித்துக்கொள்ளும்.

கட்டளை கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைக் கோபுரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிறுத்துங்கள். மின்கம்பியும் அந்த எல்லைக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடமே வேண்டாம். விழும் கோபுரம் மின்கம்பியைத் தொட்டால், பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. இடிமின்னலுக்காகக் கோபுரத்துக்கு எர்த் குழி அமைத்து, மழைமேகம் கண்டவுடன் கருவியின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

நண்பர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியோ சபையோ இப்படியொரு கோபுரத்துக்கு உதவி கேட்டால், கருவி என்ன விலை என்று கேட்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மண்ணைப் பார்த்தது யார்? மின்கம்பி எவ்வளவு தூரம்? நிமிர்த்தும் நாளில் பொறுப்பாளர் யார்? மண்ணுக்குள் மறைந்துபோகும் சிமெண்டில் கொடுத்தவர் பெயர் எழுதப்படுவதில்லை. ஆகையால் அங்கேதான் சிக்கனம் பிடிக்கத் தோன்றும். ஆனால் புயல் இரவில் ஒரு தாயின் குரல் மருத்துவரை எட்டுமா என்பதை முடிவு செய்வது அந்தச் சிமெண்டுதான்.