எஸ்எம்பிஎஸ்: இரைச்சல் அடங்கிய விதம்

1990களில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், ஸ்விட்சைப் போட்டதும் திரை வெளிச்சமாவதற்கு முன்பே ‘உய்ய்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பிவிடும். கேபினட்டின் பின்பக்க மேல் மூலையில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் 80 மி.மீ. ஃபேன் போடும் சத்தம் அது. இன்று அதைவிடப் பல மடங்கு சக்தி தரும் எஸ்எம்பிஎஸ் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. நாம் எழுதிக்கொண்டோ பாட்டுக் கேட்டுக்கொண்டோ இருக்கும்போது அதன் ஃபேன் பெரும்பாலும் சுற்றுவதே இல்லை. நல்ல ஃபேன்கள் வந்ததால் சத்தம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஃபேனுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பெட்டிக்குள் வீணாகும் மின்சாரம் குறைந்து, அதனால் வெப்பம் குறைந்ததுதான் பெரிய காரணம்.

1975இல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் ட்ரான்ஸ்ஃபார்மரின் கனம் தெரியும். வீட்டு மின்சாரத்தை இரும்புக் கருவுள்ள ட்ரான்ஸ்ஃபார்மரால் குறைத்து, ஒவ்வொரு போர்டிலும் இருக்கும் ரெகுலேட்டர் மிச்ச வோல்ட்டை வெப்பமாகவே எரித்துத் தள்ளும் ஏற்பாடு அது. இரண்டே ஆண்டுகளில், 1977இல், ஆப்பிள் 2 வந்தது. கம்ப்யூட்டருக்குள் ஃபேனே கூடாது என்பதில் ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். அதற்காக ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் ஒரு ஸ்விட்சிங் பவர் சப்ளையை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸை, வடிவமைத்தார். மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்பினால் சின்ன ஃபெரைட் ட்ரான்ஸ்ஃபார்மரே போதும். எடையும் குறையும், வெப்பமும் குறையும். ஆஸிலோஸ்கோப் போன்ற கருவிகளில் இந்த முறை அதற்கு முன்பே இருந்தது. ஹோல்ட்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. ஆனால் வீட்டு மேஜைக்கு அமைதியான பவர் சப்ளை வேண்டும் என்ற எண்ணத்தை அந்த 38 வாட் பெட்டிதான் நிலைநாட்டியது என்பேன்.

அந்த எண்ணம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1981இல் ஐபிஎம் பிசியின் 63.5 வாட் பெட்டி ஃபேனோடு வந்தது. 1984இல் பிசி ஏடி 192 வாட்டுக்குப் போனது. பிறகு 300, 400 என்று வாட் ஏறிக்கொண்டே போக, ஃபேனும் வேகமாகச் சுற்றியது. அன்றைய சாதாரணப் பெட்டிகள் ஏறத்தாழ 70 சதவீதத் திறனில் ஓடின. 300 வாட் வெளியே கொடுக்க 429 வாட் உள்ளே இழுக்கும். நடுவில் 129 வாட் சூடாக வீணாகும். இரண்டு பழைய குண்டு பல்பின் சூட்டை ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்தால் ஃபேன் கத்தாமல் என்ன செய்யும்?

2004இல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழ்தான் காற்றை மாற்றியது. 20, 50, 100 சதவீத லோடில் குறைந்தது 80 சதவீதத் திறன் இருக்க வேண்டும் என்றார்கள். பிறகு கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று படிகள் வந்தன. பெயர்கள் விளம்பரத்துக்கு உதவின. உள்ளே நடந்த வேலை உண்மையானது. டயோடுகள் இருந்த இடத்தில் மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டர்கள் வந்தன. அரை வோல்ட் விழும் டயோடு வழியாக 20 ஆம்பியர் போனால் அங்கேயே 10 வாட் சூடு. நல்ல மாஸ்ஃபெட்டில் அது ஒன்றிரண்டு வாட்டாகிவிடும். வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கும் நேரம் பார்த்து ஸ்விட்சைப் போடும் எல்எல்சி சர்க்யூட் அடுத்து வந்தது. எல்லாவற்றையும் 12 வோல்ட்டாக ஆக்கிவிட்டு, 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் சின்னஞ்சிறு கன்வெர்ட்டர்களில் பிரித்தெடுக்கும் முறையும் பரவியது. இன்று 92 சதவீதத் திறனுள்ள பெட்டியில் அதே 300 வாட்டுக்கு வீணாவது 26 வாட்தான். அதை ஆற்ற ஃபேன் மெல்லச் சுற்றினால் போதும், சமயத்தில் சுற்றவே வேண்டாம்.

வெப்பம் குறைந்த பிறகுதான் பெட்டியைச் சுருக்க முடிந்தது. இன்டெல் 1997இலேயே எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவை வரையறுத்திருந்தது: 125 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம், 63.5 மி.மீ. உயரம். வழக்கமான ஏடிஎக்ஸ் பெட்டியின் கொள்ளளவில் பாதிக்கும் குறைவு. ஆனால் நெடுங்காலம் அந்த அளவில் கிடைத்தவை குறைந்த வாட்டும் கீச்சுச் சத்தமும் கொண்ட மலிவுப் பெட்டிகள். 2016இல் கோர்செய்ர் கொண்டுவந்த எஸ்எஃப்600, அந்தச் சின்ன அளவுக்குள் 600 வாட், கோல்டு சான்றிதழ், கழற்றி மாட்டும் கேபிள்கள், லோடு குறைவாக இருந்தால் நின்றுவிடும் 92 மி.மீ. ஃபேன் என்று எல்லாவற்றையும் சேர்த்தது. இன்று அதே அளவில் 1000 வாட்டும் கிடைக்கிறது.

ஃபேன் நின்றால் எல்லோருக்கும் நிம்மதி என்று சொல்ல மாட்டேன். 80 பிளஸ் சோதனை 23 டிகிரி அறையில் நடக்கிறது. சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறை 35 டிகிரிக்கு மேல். அங்கே ஃபேன் நிற்பதும் கிளம்புவதுமாக இருக்கும். விட்டு விட்டு வரும் அந்தச் சத்தத்தைவிட, மெதுவாக ஓயாமல் சுற்றும் ஃபேனே காதுக்கு இதம். கெப்பாசிட்டருக்கும் அதுதான் நல்லது; 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஃபேன் அடங்கியதும் இன்னொரு சத்தம் வெளிப்பட்டது: உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) அதிர்வதால் வரும் மெல்லிய ‘கீ’. இரைச்சல் நிறைந்த காலத்தில் அது யார் காதிலும் விழவில்லை. நல்ல தயாரிப்பாளர்கள் இப்போது காயிலைப் பசையிட்டு அசையாமல் பிடித்துவைக்கிறார்கள்.

கேபிள் விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது. பழைய பெட்டியிலிருந்து எல்லா வயர்களும் ஒரே கொத்தாக வெளியே தொங்கும். தேவைப்படாதவற்றை எங்காவது திணிக்க வேண்டும். சிறிய கேபினட்டில் அந்தத் திணிப்பே காற்றோட்டத்தை அடைத்து, ஃபேனை வேகமாக ஓட வைக்கும். கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் முறையில் வேண்டிய கேபிளை மட்டும் மாட்டலாம்.

ஆனால் கேபிளில் ஒரு பழைய ஆபத்தும் உண்டு. அன்றைய ஏடி மதர்போர்டில் பி8, பி9 என்று இரண்டு கனெக்டர்களை அருகருகே மாட்ட வேண்டும். கறுப்பு வயர்கள் நடுவில் சேர வேண்டும் என்பது பாலபாடம். இடம் மாற்றிச் செருகினால் போர்டு கருகிவிடும். 1995இல் ஏடிஎக்ஸ், திருப்பிச் செருக முடியாத ஒரே கனெக்டரைத் தந்து அந்த ஆபத்தை ஒழித்தது. மாடுலர் பெட்டிகளில் அது வேறு முனையில் திரும்ப வந்திருக்கிறது. மதர்போர்டு பக்கத்தில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்கு விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் கிடையாது. ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொரு கம்பெனிப் பெட்டியில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட இது நடக்கலாம். இன்டெல்லும் தயாரிப்பாளர்களும் உட்கார்ந்து பேசி இந்தப் பக்கத்துக்கும் ஒரு விதி எழுத வேண்டும். தொழில்நுட்பத் தடை ஏதும் இதில் இல்லை. அதுவரை பெட்டியோடு வரும் கேபிள்களைத் தனிப் பையில் போட்டு, மாடல் பெயரை மேலே எழுதி ஒட்டி வையுங்கள். பழைய கேபிள் அப்படியே மாட்டியிருக்க, எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றித் தரும் கடையில் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.