வீட்டோரத்துக் குளவிக் கூடு



லயத்துக் கூரையின் ஓரத்திலோ, கொல்லைப்புற மாமரத்திலோ சாம்பல் நிறக் காகிதப் பந்துபோல ஒரு கூடு தொங்குவதை நாம் பார்த்திருப்போம். மரநாரை மென்று, எச்சிலில் குழைத்துக் குளவிகள் கட்டிய வீடு அது. கரிய உடல், வயிற்றின் முன்பாதியில் அகன்ற மஞ்சள் பட்டை. மலாய்க்காரர் 'தெபுவான்' என்று அழைக்கும் குளவிகளில் ஒன்று இது.

கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? கழியில் சாக்கைச் சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறோம். கூரையில் தீ பிடித்தால் லயமே எரிந்துவிடும் அல்லவா? தப்பிய குளவிகளோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் துரத்தும். தேனீ நம்மைக் கொட்டினால் அதன் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.

ஆகவே, பிள்ளைகளை அப்பக்கம் விடாமல், 999 எண்ணில் தீயணைப்பு மீட்புப் படையை அழைப்போம். பாதுகாப்பு உடை அணிந்து கூட்டை அகற்றப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக் கூட்டை விட்டுவிடலாம். குளவிகள் தம் குஞ்சுகளுக்காகப் பயிரைத் தின்னும் புழுக்களையும் பிடிக்கின்றன.

கொட்டிவிட்டால், முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓட வேண்டும். கொட்டிய இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரத்துணி வைக்கலாம். உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல குளவிகள் கொட்டியவரையும் அப்படியே கொண்டுபோக வேண்டும். அவர் நன்றாகத்தான் பேசுவார். ஆனால் நஞ்சு பிறகு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். சுண்ணாம்பைத் தடவிவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.