தோட்டம் என்னும் நம் கிராமம்

பாட்டன் பூட்டன் ஊர் எது என்று கேட்டால், நம்மில் பலர் ஒரு தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வோம். மலேசியத் தமிழர்களுக்குத் தோட்டமே கிராமமாக இருந்தது. அக்கிராமத்தின் கதை தொடங்கிய இடங்களுள் ஒன்று கோலா கங்சார்.

பிரேசிலிலிருந்து 1876இல் கொண்டு செல்லப்பட்ட ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஒன்பது கன்றுகளைப் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலா கங்சாரில் நட்டார். அவற்றுள் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது.

கார்த் தொழில் வளர்ந்தபோது ரப்பருக்குத் தேவை பெருகியது. காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் தங்கள் சொந்த ஊர்களுக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இது நீடித்தது.

ஒரு தோட்டத்தின் அமைப்பு நமக்குத் தெரிந்ததே. மேட்டில் துரை பங்களா, கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே லயங்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு. பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, ஒரு தமிழ்ப்பள்ளி. பள்ளி அமைக்கும் கடமையை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின்மீது சுமத்தியிருந்தது.

ஆனால் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிராமத்தானுக்குக் குடிசையாவது சொந்தம். தோட்டத்தில் வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போனது. 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர்.

இதற்கு விடை தேடியவர் கோலா கங்சார் மாவட்டத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டியவனே பங்குதாரனானான்.

எனினும் எல்லாத் தோட்டங்களும் தப்பவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயம் இடிந்தால் அங்கிருந்த ஊரின் பெயரும் மெல்ல மறைகிறது. நிலம் நம் பெயரில் இல்லாததால், அந்த ஊருக்கு நம் நினைவே பட்டா.

பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நாம் ஒன்று செய்யலாம். அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தில் குடியிருந்தோர், கோயில் திருவிழா ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். முதல் மரத்தை அரசு காக்கிறது. அம்மரத்தின் வழிவந்த காடுகளில் பால் வெட்டியோரின் ஊர்களை நாம்தான் காக்க வேண்டும்.